சர்ட்டிபிகேட் பிறந்தநாள்

சின்னவளே,

நீ தூங்குகிறாய். எழுப்பினால் நேற்று விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கும். அதனால் எழுதி வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்புகிறேன். முட்டை அவித்து வைத்திருக்கிறேன். உரிக்கவாவது தெரியும் என்று நம்புகிறேன். குழாய்க்காரர் வந்தால், சொட்டுவது நின்ற பிறகே அவரைப் போக விடு.

உன் அண்ணி நேற்றும் போன் செய்தாள். "அத்தை, உங்க பர்த்டே பார்ட்டி சர்ப்ரைஸ். உள்ள வந்ததும் ஆச்சரியப்படணும், மறந்துடாதீங்க!" இரண்டு நாள் ரயிலில் இடுப்பொடிய உட்கார்ந்து போய் நான் ஆச்சரியப்பட வேண்டுமாம். அதுவும், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்ட தேதிக்கு! ஆபீசில் அதை வைத்துத்தான் என்னை ரிட்டையர் ஆக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபீசுக்குப் புத்தி அவ்வளவுதான். எத்தனையோ முறை சொல்லியும், பெற்ற பிள்ளைகளுக்குமா?

"அப்பா போனதுலேர்ந்து உனக்கு எதுதாம்மா பிடிக்குது?" என்று கேட்டாயே. என் நிஜப் பிறந்தநாள் போன செவ்வாய்க்கிழமையே வந்து போய்விட்டது. அன்று நீ உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போனாய். உன் அப்பா இருந்தவரை அந்த நாளில் காபியோடு வந்து, "ஏய் கள்ளத் தேதி, எழுந்திரு. நெஜமாவே ஒரு வயசு கூடிருச்சு" என்பார். அதை நினைவில் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

இப்போது உனக்கு எழுதியே கொடுத்துவிட்டேன். அடுத்த வருடம் காபி போட வேண்டாம், நீ போட்டால் குடிக்க முடியாது. எழுப்பினால் போதும்.

அம்மா

அண்ணனிடம் சொல்லிவிடாதே. அந்தத் தேதிக்கும் ஒரு கேக் வாங்கி என்னை மறுபடி ரயிலேற்றுவான்.