வெற்றிலைத் தட்டில் வைத்த பணம்

ஆரணி,
ஆடி 6

ஹேமநாத்துக்கு ஆயா கெங்கம்மாள் எழுதுவது. நல்லா இருக்கிறாயா என்று கேட்க இன்றைக்கு வாய் வரவில்லை. போன் பண்ணினால் கட் பண்ணுகிறாய். கடுதாசியைக் கட் பண்ண முடியாது. அஞ்சாவது படித்த கை, எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு உன் வீட்டு வாசலில் இரண்டு தடியன்கள் வந்து கேட்டை உதைத்தார்கள். வீட்டுக் கடன் கொடுத்த கம்பெனி ஆட்களாம். ஐந்து மாத டியூ பாக்கியாம். வீட்டை ஏலம் விடுவோம் என்று தெருவே கேட்கக் கத்தினார்கள். உள்ளே குடியிருக்கிற சசிகலா ஈரத்தலையோடு என்னிடம் ஓடி வந்தாள். உன் சொந்தக் காசில் வாங்கின வீடு என்று ஊரெல்லாம் பெருமை பேசின வாய் இது. அதன்மேல் கடன் இருப்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அவளைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டில் இலவச சட்ட உதவி செய்கிற தேவகி அம்மாவிடம் போனேன். கடன் வசூலுக்கு வருகிறவன் காலை எட்டுக்கு முன்னால், ராத்திரி ஏழுக்குப் பின்னால் வரக்கூடாதாம். அடையாள அட்டை காட்ட வேண்டுமாம். மிரட்டக்கூடாதாம். அறுபது நாள் நோட்டீஸ் கொடுக்காமல் வீட்டைத் தொட முடியாதாம். ஏலம் போனாலும் கடன் போக மிச்சம் உன் கைக்குத்தான் வருமாம். வெள்ளிக்கிழமை அந்தத் தடியன்கள் மறுபடி வந்தபோது இதையெல்லாம் ஒப்பித்தேன். “இன்னா ஆயா, வக்கீலுக்குப் படிச்சிகினு கீறியா” என்று இளித்தான் ஒருத்தன். அட்டையைக் காட்டுடா என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கம்பெனிமேல் உன் பெயரில் நான்தான் புகார் மனுவும் எழுத வைத்திருக்கிறேன், வந்து கையெழுத்துப் போடு.

கடன்காரன் உனக்கு இத்தனை சட்டம். சசிகலாவுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். தேவகி அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். கடனில் இருக்கிற வீட்டைக் கம்பெனி சம்மதம் இல்லாமல் போக்கியத்துக்கு விடக்கூடாதாம். விட்டால் கம்பெனி அவளை மதிக்காது, உன்மேல் கேஸ் போட்டுத்தான் பணத்தை வாங்க வேண்டுமாம். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

நாலு லட்சம், ஹேமநாத். மகள் கல்யாணத்துக்கு என்று தறியில் உட்கார்ந்து சேர்த்தது. காலி பண்ணும்போது முழுசாகத் திரும்பி வரும், அதுவரை வாடகை மிச்சம் என்று நம்பித்தானே போக்கியத்துக்குக் கொடுத்தாள். என் முன்னால் வெற்றிலைத் தட்டில் வைத்து உன்னிடம் நீட்டினாள். எழுதிக்கொள்ளலாமா ஆயா என்று தயங்கிக் கேட்டாள். என் பேரன் பேச்சுக்குப் பத்திரம் எதுக்குடி என்று நான்தான் திமிராகச் சொன்னேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அடக்கம் என்று நினைத்தேன்.

அந்த மாசம்தான் என் எண்பதுக்குப் பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தாய். அது யார் பணம் என்று இப்போது புரிகிறது. சேலையை மடித்து சசிகலா கையில் கொடுத்துவிட்டேன். வேண்டாம் ஆயா என்று அழுதாள். உடம்பில் பட்டால் அரிக்கிறது என்றேன்.

கம்பெனிக்காரனைச் சட்டம் சொல்லி விரட்டினேன். உன்னை எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

நூறு வயசு இரு. ஊருக்கு வரும்போது முதலில் அவள் வாசலில் செருப்பைக் கழற்று. என் வாசல் அப்புறம். நான் போவதற்குள் வா.

இப்படிக்கு,
உனக்காக வாக்குக் கொடுத்த
கெங்கம்மாள்