குன்னூரில் ஏது கரிசல் மண்?

கோவில்பட்டி
17-4-1962

அன்புள்ள மச்சான் செய்யது அலி அவர்களுக்கு முத்து முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மாவும் மற்றவர்களும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே நீங்களும் தங்கை ரசியாவும் சுகமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. அது ஒன்றுக்காகவேதான் இந்தக் கடிதம்.

என் தந்திக்கு நீங்கள் போட்ட பதில் நேற்றுக் கிடைத்தது. "வண்டியை ஓட்ட வேண்டாம்" என்று மொட்டையாகத் தந்தி அடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? சீசன் தொடங்கி, ஊட்டிக்கும் குன்னூருக்கும் டாக்சி ஓயாமல் ஓடுகிற நேரம். வருகிற 25ஆம் தேதி ரசியாவைத் தலைப்பிரசவத்துக்கு அந்த வண்டியிலேயே கூட்டி வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டியரிங் ஆடுகிறது என்று நீங்கள் இரண்டு தடவை முறையிட்டபோது சக்கரத்தில் மண், மண் என்று சொன்னவன், இப்போது மட்டும் ஏன் நிறுத்தச் சொல்கிறான் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். முழுக்கப் படிக்கும்வரை கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

உம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. "எம் மருமவன் பிளஷர் கார்லயே கூட்டிட்டு வாராவ" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

நவம்பரில், நீங்கள் குன்னூருக்குக் குடிபோகும் முன் முதல் தடவை சொன்னபோது நான் மண் என்று சொன்னது மனமறிந்த பொய் இல்லை. நம் ஊர்ச் சங்கதி உங்களுக்குத் தெரியாதா? மழை பெய்தால் கரிசல் சக்கரத்துக்குள் அப்பி, காய்ந்து செங்கல்லாகிவிடும். வண்டி இறுகினாலும் ஆடினாலும் இங்கே எவனும் முதலில் கடப்பாரையை எடுத்து மண்ணைத்தான் கொத்துவான். நானும் கொத்தினேன். ஆட்டம் குறைந்த மாதிரி இருந்தது. அதோடு விட்டேன்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி கார்க் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு தாள் வந்தது. குறிப்பிட்ட நம்பர் வண்டிகளில் சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் மூட்டில் இரும்பு பதமில்லாமல் போய்விட்டதாம். திடீரென்று ஒடியலாமாம். உடனே ஓட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள், நாங்களே வந்து செலவில்லாமல் மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நான் விற்ற மூன்று வண்டிகளும் அந்த நம்பருக்குள் வருகின்றன. ஒன்று நம் கடற்கரை அண்ணாச்சியிடம், ஒன்று பெருமாள்சாமியிடம், ஒன்று உங்களிடம்.

அந்தத் தாளை நான் மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஏஜென்சி எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முத்து முகம்மது விற்றது ஓட்டை வண்டி என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பேசுவார்களே என்ற பயம். கழுகுமலைப் பங்குனி உத்திரம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் ஸ்டியரிங் மறுபடியும் ஆடுகிறது என்று உங்கள் கடிதம் வந்தது. பிப்ரவரி இருபதாம் தேதி, நோன்பு வைத்துக்கொண்டு, மண்ணைக் கொத்தினால் சரியாகும் என்று பதில் எழுதினேன். குன்னூரில் ஏது கரிசல் மண்? யோசிக்காமல் எழுதிவிட்டேன் என்று இங்கே எழுத நினைத்தேன். இல்லை மச்சான். யோசித்துத்தான் எழுதினேன்.

போன வாரம் கோடை மழை பெய்தது. மறுநாள் கழுகுமலை ரோட்டில் கடற்கரையின் வண்டிக்கு அந்த மூட்டு ஒடிந்துவிட்டது. வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் பருத்திக் காட்டுக்குள் போய், ஈரக் கரிசலில் அச்சுவரை புதைந்து நின்றது. உள்ளே இருந்தது அவர் மட்டும்தான். கால் ஒடிந்தது, முன்பற்கள் போயின, உயிர் தப்பியது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் சம்சாரம் பாலம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டது. "அவிய உசுரு தப்புனதே ஒங்க வண்டியாலதான் அண்ணாச்சி. வேற வண்டின்னா நொறுங்கியிருக்கும்" என்றது. காப்பி வாங்கிக் கொடுத்தது. வாயைத் திறக்காமல் அதையும் குடித்துவிட்டு வந்தேன். நேராகத் தபாலாபீசுக்குப் போய் உங்களுக்குத் தந்தி அடித்தேன். அதிலும் காரணத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று உங்கள் பதிலைப் பார்த்த பிறகுதான் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் பெருமாள்சாமி. தாளைத் தன் அண்ணன் மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "தன் தப்பைத் தானே சொல்லுத கம்பெனிய நம்பலாம். ஒம்ம எப்படிவே நம்பச் சொல்லுதீரு?" என்று கேட்டுவிட்டு, வண்டியில் சாவிகூடப் போடாமல் இரண்டு மாட்டைப் பூட்டி இழுத்துவந்து என் ஷெட்டில் விட்டார். பிறகு ஆஸ்பத்திரி. கடற்கரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாலம்மாள் ஏசும் என்று நினைத்தேன். ஏசவில்லை. "எம் பிள்ளைகளும் தெனமும் அதுலதான அண்ணாச்சி போச்சுதுவ" என்று மட்டும் சொன்னது. நேற்றிலிருந்து அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

மச்சான், இங்கே வண்டியைக் கரிசல் பிடித்து நிறுத்தியது. அங்கே அந்த வளைவுகளில் உங்களைப் பிடித்து நிறுத்த என்ன இருக்கிறது? ரசியா பின்சீட்டில் இருப்பாள். அவள் வயிற்றில் ஒரு உயிர் இருக்கும்.

என் பேச்சை நம்பச் சொல்லவில்லை. அந்தத் தாளை அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்து வாசித்துப் பாருங்கள். அதில் உள்ள தேதியையும், நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் எப்பேர்ப்பட்டவன் என்று தெரிந்துபோகும். நான் மறைத்ததைக் கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். ஏஜென்சியைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். உங்கள் விலாசத்தையும் கொடுத்திருக்கிறேன். கோயம்புத்தூர்க் கிளையிலிருந்து ஆள் வந்து அந்த மூட்டுக் கம்பியை மாற்றும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். டாக்சி ஸ்டாண்டுக்குக்கூட எடுக்க வேண்டாம்.

ரசியாவை மலை ரயிலில் மேட்டுப்பாளையம் இறக்கி, அங்கிருந்து ரயிலிலேயே கூட்டி வாருங்கள். என் முகத்தில் விழிக்க உங்களுக்குப் பிடிக்காது. ஸ்டேஷனுக்கு உம்மாவை அனுப்புகிறேன், நான் வெளியே ரோட்டிலேயே நின்றுகொள்கிறேன். அவளிடம் இதையெல்லாம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

அல்லாஹ் உங்கள் மூன்று பேரையும் எந்தக் குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். இனி நம் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். என்னை ஏசுவதற்காகவாவது வாருங்கள், மச்சான். ரயிலில் வாருங்கள்.

உங்கள் நம்பிக்கையைக் கெடுத்த,
முத்து முகம்மது