நினைவிடத்தில் மூவர் சிரித்தது குறித்து

அனுப்புநர்
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி (வருகைப் பதிவு எண் 27),
பெண்கள் மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்
பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
போர் நினைவிடம்.

பொருள்: நான்காம் வரிசை, ஒன்பதாம் பெயரின் முன்னால் சிரித்ததற்காக மூவருக்கு விதிக்கப்பட்ட ஓராண்டு நுழைவுத் தடையை வரும் 15ஆம் தேதிக்குள் நீக்கக் கோருவது.

பார்வை: சென்ற வியாழக்கிழமை தபாலில் வந்த தங்கள் அலுவலக ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆணையில் 'ஒரு பள்ளி மாணவி' என்று குறிப்பிடப்பட்டிருப்பவள் நான்தான். மற்ற இருவரில் ஒருவர் தையல் கடை வைத்திருக்கும் அம்மா. இன்னொருவர் பேருந்து ஓட்டுநர். தையல்கார அம்மாவுக்கு மனு எழுதக் கூச்சம். ஓட்டுநர், பதில் வருவதற்குள் தாம் பணி ஓய்வு பெற்றுவிடுவோம் என்கிறார். ஆகவே மூவருக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன்.

2. எங்கள் வரலாற்று ஆசிரியை நினைவிடக் கல்லில் உள்ள பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அந்த வீரரைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். எனக்கு வந்தது நான்காம் வரிசையில் ஒன்பதாவது பெயர். நூலகத்தில் தேடியதில் சிப்பாய், வயது இருபத்திரண்டு, இறந்த தேதி என்று மூன்று வரிகள்தான் கிடைத்தன. என் கையெழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மூன்று வரி ஒரு பக்கம் ஆகாது. அதனால் சென்ற மாதம் கடைசிச் சனிக்கிழமை நேரிலேயே வந்தேன்.

3. கல்லின் முன்னால் தையல்கார அம்மா நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையிலிருந்து அப்படியே வந்துவிட்டாராம். அவர் அந்தச் சிப்பாயின் தங்கை. முப்பத்தொரு வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் வந்து, ஐந்து நிமிடம் நின்று, பேசாமல் போகிறார். அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது அவருக்கு வயது பத்து, இறந்தபோது பதினொன்று. இடையில் ஒரே ஒரு விடுமுறைக்குத்தான் அண்ணன் வீட்டுக்கு வந்தார். "ஒரு பக்கத்துக்கு எனக்கே தெரியாதே பாப்பா" என்றார்.

4. சற்றுத் தள்ளிக் காக்கிச் சட்டையுடன் ஒருவர் அதே வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஓட்டுநர். முன்பு பட்டாளத்தில் இருந்தவர். வேறு ஊர்ப் பணிமனையிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. என் சீட்டைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்டேன். "அண்டாவையா கேக்கிற?" என்றார். தம் அண்ணனுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருந்ததே தையல்கார அம்மாவுக்கு அன்றுதான் தெரியும்.

5. ஓட்டுநர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். நாற்பது பேருக்குச் சமைக்கும் அண்டாவை முதுகில் சுமந்து நடப்பது அந்தச் சிப்பாயின் வேலை. ஒரு நாள் மழை கொட்டியதும் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். உள்ளே இருந்து பார்த்தால் சொந்தக் கால் மட்டும்தான் தெரியும். எதிரே யாரோ கனமாக நடந்து வந்து நிற்கும் ஓசை கேட்டது. அதிகாரி என்று எண்ணி விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். கை அண்டாவில் பட்டு 'டங்' என்றது. எதிரிலிருந்து பதில் இல்லை. பதில் வராமல் கையை இறக்கக் கூடாது என்பதால் அப்படியே நின்றார். நாற்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டு அவரைக் கடந்து போனார்கள், ஒருவர்கூடச் சொல்லவில்லை. எதிரில் நின்றது அரிசி மூட்டை சுமந்து வந்த கோவேறு கழுதை. கடைசியாக வந்த நிஜ அதிகாரிதான், "போதும்ப்பா, கைய இறக்கு. அவரு எப்பவோ போயிட்டாரு" என்றாராம்.

6. இதுவரை யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். தையல்கார அம்மாவின் முகம்தான் ஒரு மாதிரியாக மாறியது. அண்ணன் அந்த மாதம் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "இன்று ஒரு பெரிய அதிகாரிக்கு சல்யூட் வைத்தேன். அதிகம் பேசமாட்டார். காது கொஞ்சம் நீளம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது" என்று அதில் இருந்தது. சிறுமியாக இருந்த அந்த அம்மா அதை அப்படியே நம்பிவிட்டார். அண்ணனுக்குப் பிடித்த மனிதர் ஆயிற்றே, ஒரு முறையாவது பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று, ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்க வரும் அதிகாரிகளின் காதுகளை முப்பத்தொரு வருடங்களாக உற்றுப் பார்த்து வந்திருக்கிறார். இதை அவர் சொல்லி முடித்ததும்தான் விதி மீறப்பட்டது. முதலில் சிரித்தவர் அவர். கல்லில் கை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ஓட்டுநர். பிறகு நான்.

7. காவலர் விசில் ஊதினார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. "எனக்கும் சிரிப்பு வந்துச்சு பாப்பா. ஆனா தலைக்கு மேல கேமரா இருக்கே" என்று அவரே சொன்னார். பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டம் விரற்கடை அகலம்தான். முழுக் கதையையும் அதில் எழுத முடியாது. ஆகவே அவர், 'மூவர் சத்தமாகச் சிரித்தனர். காரணம்: கோவேறு கழுதை' என்று எழுதினார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் தங்கள் ஆணையில் அது, 'வீரர்களைக் கோவேறு கழுதையுடன் ஒப்பிட்டு எள்ளி நகையாடியது' என்று ஆகிவிட்டது. யாரும் யாரையும் ஒப்பிடவில்லை, ஐயா. கழுதைக்கு உரிய மரியாதை செலுத்தப்பட்டது; அவ்வளவுதான்.

8. நுழைவாயில் பலகையில் உள்ள பதினொரு விதிகளையும் நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். ஆறாம் விதி 'அமைதி காக்கவும்' என்கிறது. நாங்கள் நின்ற நேரம் முழுவதும் பின்புறம் புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

9. சென்ற சனிக்கிழமை தையல்கார அம்மா வேலிக்கு வெளியே நின்றார். அங்கிருந்து முதல் இரண்டு வரிசைகளைத்தான் படிக்க முடியும். நான் நுனிக்காலில் நின்றும் பார்த்துவிட்டேன். தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசினால் என்ன என்று எங்கள் தலைமை ஆசிரியை யோசனை சொன்னார். அதை அந்த அம்மாவிடம் கேட்டேன். "அவன் கதைய அவன வெளிய விட்டுட்டுப் பேசுறதா? கோவிச்சுக்குவான்" என்றார்.

10. 15ஆம் தேதி, சனிக்கிழமை, அந்தச் சிப்பாய் இறந்த நாள். ஓட்டுநர் சொல்லி அனுப்பியதன் பேரில் அந்தப் படைப்பிரிவைச் சேர்ந்த இன்னும் நான்கு பேர் வெவ்வேறு ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஒருவர் முடிதிருத்துபவர், ஒருவர் பள்ளிக்கூட எழுத்தர், ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். நால்வரும் ஒன்றாக வர முடிந்தது இந்த ஒரு நாள்தான். தெரியாத அண்ணனை அந்த அம்மா தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. அந்த அம்மாவும் ஓட்டுநரும் வாசலில் தடுக்கப்பட்டால் வந்த நால்வரும் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள்.

ஆகவே, தங்கள் ஆணையில் கழுதை பற்றிய வாக்கியத்தைத் திருத்தி, மூவர் மீதான தடையை நீக்கி, அன்று காலை பத்து மணி முதல் பதினொரு மணி வரை நான்காம் வரிசையின் முன்னால் பேசவும், தேவைப்பட்டால் சிரிக்கவும் அனுமதி தரும்படி வேண்டுகிறேன். யாருக்காவது தண்டனை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அந்தக் கதையைக் கிளறியவள் நான் என்பதால், என் தடையை இரண்டு ஆண்டுகளாக உயர்த்திக்கொள்ளலாம்.

ஒன்றை மறைக்காமல் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன். வருகிற நான்காமவர், அந்தச் சிப்பாயின் கடைசி நாளன்று அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். அன்று விழுந்த குண்டில் அவருக்கு இரண்டு காதும் முக்கால்வாசி போய்விட்டது. அண்ணன் கடைசியாக என்ன பேசினார் என்று யாரிடமாவது கேட்பதற்குத் தையல்கார அம்மா முப்பத்தொரு வருடங்களாகக் காத்திருக்கிறார். அந்தக் கேள்வியைக் கத்தித்தான் கேட்க முடியும். ஆறாம் விதி அந்த ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஐயா.

நாள்: 3ஆம் தேதி, திங்கட்கிழமை
இடம்: பள்ளி நூலகம்

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வருகைப் பதிவு எண் 27