அவசரமாகக் கலக்கிய கரைசல்

அன்புள்ள மாமாவுக்கு, புனேயிலிருந்து ஷீபா. நான் சுகம். உங்களுக்கு முதுகுவலி குறைந்ததா? உங்களிடம் விட்டுவந்த என் மகள் மெர்லினுக்குச் சளி விட்டதா?

ஞாயிறு அவள் ஞானஸ்நானத்துக்கு என்னால் வர முடியாது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, என் அவசரம்தான். எங்கள் ஆய்வகத்துப் பாலிமர் கரைசலில் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்கிக் கிடக்கும். மெதுவாக இழுத்தால் நழுவி வழிவிடும். வேகமாக இழுத்தால் சிக்கு அவிழ நேரமில்லாமல் விறைத்து நூலாக நீளும். அந்த நூலைத்தான் அளக்க வேண்டும். ஆனால் புட்டியைப் பத்து நாள் மெல்ல உருட்டித்தான் கரைக்க வேண்டும். சீக்கிரம் கிளம்பலாமென்று நான் மெஷினில் வேகமாகக் கலக்கிவிட்டேன். சங்கிலிகள் அறுந்து, இப்போது தண்ணீர் போலச் சொட்டுகிறது. மறுபடி பத்து நாள். முடிக்காமல் லீவு இல்லை என்கிறார் சார்.

"வெண்டிக்கா கொழகொழப்புக்கு இம்மாம் படிப்பா?" என்பீர்களே, சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆயரிடம் தேதி மாற்றக் கேட்க வேண்டாம், பந்தலுக்குச் சொல்லியாயிற்று. தண்ணீர் தெளிக்கும்போது அவளை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், புது ஆள் தூக்கினால் அழுவாள். அவள் போட்ட சட்டை ஒன்றைத் துவைக்காமல் கூரியரில் அனுப்புங்கள்.

புட்டி உருளுகிறது, பார்க்கப் போகிறேன். இம்முறை வேகத்தைக் கூட்ட மாட்டேன்.

ஷீபா