மாதா கீழ் லயத்துக்கு இறங்கிய சாயந்திரம்

என் அன்புப் பிலோ,

முந்தாநாள் சாயந்திரம் மாதா நம்முடைய வீட்டுக்கு வந்தார். ஒரு இரவு தங்கினார். நேற்றுச் சாயந்திரம் கீழ் லயத்துக்கு, ரோசம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் இதை நடத்தி முடிப்பதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இன்றைக்குக் கடை திறக்க மனம் வரவில்லை. மஸ்கெலியா டவுனில் எல்லாக் கடையும் திறந்தாயிற்று. பக்கத்துக் கடை நிசார் நானா, "என்ன முதலாளி, வாளி எல்லாம் ஓட்டையா?" என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டார். இருக்கட்டும். வாளி எங்கேயும் ஓடிவிடாது.

இந்தக் கடிதத்தைக் கோயில் பங்கு மலரில் போடப்போவதாக, செபம் நடத்துகிற நம் அருளப்பன் உபதேசியார் சொல்லியிருக்கிறார். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சில இடத்தில் விளக்கமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

அக்டோபரில், செபமாலை மாதத்தில், மாதா சுரூபம் நம் தேயிலைத் தோட்டத்தில் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு இரவு. மறுநாள் சாயந்திரம் அந்த வீட்டுக்காரரே பாட்டோடும் மெழுகுதிரியோடும் கொண்டுபோய் அடுத்த வீட்டில் ஒப்படைக்க வேண்டும். தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயம் முடிந்ததும் ரோட்டோரத்தில் நாம் கட்டிய வீடு, அதற்கப்புறம் கீழ் லயம். நீ இருந்த காலமெல்லாம் அந்த வரிசை மாறியதில்லை. நீ கண்ணை மூடிப் போன பிறகு வந்த முதல் அக்டோபரில் மாறியது. நான் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், பாட்டு மேலேயிருந்து இறங்கி வருகிறது, அப்படியே என்னைத் தாண்டிக் கீழே போகிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்?

மறுநாளே உபதேசியாரை நம் வீட்டு வாசலில் பிடித்தேன்.

"பொம்பளை இல்லாத வீட்டுல மாதாவை எப்படிண்ணே விடுறது? யாரு விளக்குப் பாக்குறது?"

"நான் பாக்க மாட்டேனா?"

அவர் உள்ளே வந்து ஹாலைப் பார்த்தார். உனக்கு வெட்கமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். கடையில் இடமில்லை என்று பிளாஸ்டிக் சாமானையெல்லாம் ஹாலில் அடுக்கி வைத்திருந்தேன். பாதி நாள் நான் கடையிலேயே படுத்துக்கொள்வேன். பீடத்து பல்ப் எரிந்து போய் எத்தனை நாளோ.

"மாதாவை எங்க வைக்கப் போறீங்க? வாளிக்கு மேலயா, வாளிக்குள்ளயா?" என்றார்.

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. நல்லதண்ணியில், மலையேறுகிறவர்கள் வரும் சீசனில், குளிரில் நின்று கம்பளித் தொப்பி விற்று மேலே வந்தவன் நான். ஒருவன் என் சாமானைக் குறை சொன்னால் சண்டை போட மாட்டேன். என்ன குறை என்று கேட்டு வைத்துக்கொள்வேன். அன்றைக்கு அவரோடு பேசி முடித்தேன். அடுத்த அக்டோபர் வரைக்கும் தவணை. எந்த நேரமும் சொல்லாமல் வந்து வீட்டைப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மாதாவை அனுப்ப வேண்டும்.

பிலோ, வீடு நடத்துவதைச் சின்ன வேலை என்று நினைத்திருந்தேன். கடையில் சாமான் வெளியே போனால்தான் ஆதாயம். வீட்டில் எடுத்த சாமான் எடுத்த இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் ஆதாயம். இது எனக்குப் பிடிபடவே பெரிய மழை முடிந்துவிட்டது. கத்தரிக்கோலைத் தேடினால் ஷேவிங் செட்டோடு கிடக்கும். கழற்றிப் போட்ட ஈரச் சாரம் கதிரை முதுகிலேயே காயும், காயாது. நம் மகள் மெர்சி கொழும்பிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா, தரையைத் துடைக்கச் சொன்னா ஏன் குளம் கட்டுறீங்க?" என்று கேட்டாள். துணியைப் பிழிய வேண்டும் என்பதே எனக்கு அதற்கப்புறம்தான் தெரியும். துடைக்கிற துணியை நானே விற்கிறேன்!

நீ அடுப்பை அணைத்து, சட்டி பானை கழுவிக் கவிழ்த்த பிறகுதான் செபத்துக்கு உட்காருவாய். அதை ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். தனியாகச் செய்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. கழுவாத சட்டி செபத்துக்கு நடுவில் கூப்பிடுகிறது. அதைவிடப் பெரிய சத்தம் என் போன். கை செபமாலை மணியை உருட்டும், மனம் கொழும்பு லொறி கினிகத்தேனை தாண்டியிருக்குமா என்று பார்க்கும். ஒரு நாள் போனை அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு முதல் தடவையாக, கடைக்கு வந்து போனவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. சட்டி வாங்கும்போது கண் கலங்கிய ஒரு பிள்ளை, பேரம் பேசாமல் போன ஒரு பெரியவர். அவர்களுக்காக வேண்டிக்கொண்டேன். நீயும் இப்படித்தான் வேண்டினாயா? அந்த முகங்களுக்கு நடுவில் என் முகமும் வந்ததா?

உபதேசியார் சொன்ன மாதிரியே சொல்லாமல் வந்து பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்போடு குசினியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முந்தின தடவை செருப்போடுதான் வந்திருந்தார். அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அப்படியாக முந்தாநாள் வந்தது. மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது. மேல் லயத்திலிருந்து மெழுகுதிரி வெளிச்சம் வளைந்து வளைந்து இறங்கியது. இந்தத் தடவை பாட்டு நம் கேட்டில் நின்றது. வெள்ளைத் துணி விரித்து, டேலியா வைத்து, பீடத்து விளக்கெல்லாம் எரிய, மாதாவை நானே கையில் வாங்கி வைத்தேன். ஹால் நிறைந்து, முன் இஸ்தோப்பு நிறைந்து, முற்றத்திலும் ஆள்.

இங்கேதான் ஒரு காரியம் செய்தேன். செபமாலை முடிந்ததும் எல்லாருக்கும் கோழிச் சோறு. டவுன் ஹோட்டலில் சொல்லி வேனில் இறக்கினேன். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் கப். விட்டுப்போய்த் திரும்ப வந்த மாதாவுக்கு, ஒரு முதலாளி வீட்டில், உன் காலத்து மாதிரி வெறும் கடலையும் பிளேன்டீயுமா என்று நினைத்துவிட்டேன். ஜனம் வயிறு நிறையச் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போனது. உன் படத்தைப் பார்த்து, "பாத்தியா?" என்றுகூடக் கேட்டேன்.

நீ என்ன சொல்லியிருப்பாய் என்று நேற்றுச் சாயந்திரம் தெரிந்தது. மாதாவை அனுப்ப எல்லாரும் மெழுகுதிரியோடு நம் வீட்டில் கூடிவிட்டார்கள். அடுத்து வாங்க வேண்டியவள் கீழ் லயத்து ரோசம்மா. தங்கள் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். ஹாலில் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். வீட்டைத் தாண்டிப் பாட்டு போனால் எப்படி இருக்கும் என்று அவர்களில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அதைச் சொல்லாமலே குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ரோசம்மா கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"ஏன் ரோசம்மா? வருசா வருசம் வார மாதாதானே?"

"வருசா வருசம் ஜனம் பிலோ அக்கா வீட்டுல கடலை தின்னுட்டு வரும். இந்த வருசம் கோழி தின்னுட்டு வருது. நான் என்னத்தக் குடுக்க?"

"அதுக்கென்ன, நான் ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டா..."

"மாதாவைக் கொண்டாந்து விட வந்தீங்களா, இல்ல என் காம்பராவைக் குத்தகைக்கு எடுக்க வந்தீங்களா முதலாளி?"

மற்ற நாளில் அண்ணே என்று கூப்பிடுகிறவள். அவளே கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"அக்காவுக்குக் கோழி வாங்க வசதி இல்லாமலாண்ணே கடலை அவிச்சாங்க? மறுநாள் எங்க வீட்டுக்கு வந்து, இந்த வீட்டுக் கடலைதான் ருசின்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்குவாங்க. நீங்க அவங்ககிட்ட ஒரு நாளும் கேட்டதில்லையா?"

கேட்டதில்லை பிலோ. கஞ்சம் என்று உன்னைக் கேலி பண்ணத்தான் தெரியும். நீயும் சிரித்துக்கொண்டே போய்விடுவாய். ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் கேட்டிருக்க மாட்டேன் என்றா?

பழுதான சாமானை விற்றுவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதுதான் கடைக்கு மரியாதை. சாப்பிட்ட கோழியை எப்படித் திருப்பி எடுப்பது? குடையை மடக்கிவிட்டு, அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

"நீயே சொல்லு. என்ன செஞ்சா மாதாவை எடுப்ப?"

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கயிறு முழுக்கப் பிள்ளைகளின் ஈர உடுப்பு. அடுப்பில் காலைச் சாம்பல். தரையெல்லாம் சேற்றுக் கால்.

"காசு வேணாம்ணே. வீடு கெடக்குற கெடையைப் பாருங்க. கூட்டித் துடைக்க ஒரு ஆள் வேணும். நான் அதுக்குள்ள கெழங்கை அவிச்சிருவேன்."

"யாரை அனுப்ப?"

"நீங்க இப்ப நல்லா வீடு கூட்டுறீங்களாம். உபதேசியார் தோட்டம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

சாரத்தை மடித்துக் கட்டினேன். பிலோ, அந்தக் காம்பராவை நான் கூட்டினேன், துடைத்தேன், துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்தேன். ஈர உடுப்பை எடுத்து மடித்தேன். ரோசம்மா மரவள்ளிக் கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு, கட்டச் சம்பலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்த மூலையை விட்டுட்டீங்க" என்றாள். திரும்பப் போய்க் கூட்டினேன். லயத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்று சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி, தன் வீட்டுக்கும் முதலாளி கிடைப்பாரா என்று கேட்டாள். என் பெரிய வியாபாரம் எதிலும் எனக்கு இவ்வளவு உற்சாகம் வந்ததில்லை, சத்தியமாக.

பிறகு மேலே ஓடி, மாதாவைத் தூக்கிக்கொண்டு, பாட்டோடு இறங்கினோம். ரோசம்மா நல்ல சேலை உடுத்தி வாசலில் நின்றாள். கை நீட்டுவதற்கு முன்னால், கூட்டும்போது நாங்கள் இரண்டு பேரும் பேசி முடித்த நிபந்தனையை எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னாள். என்ன கெட்டிக்காரி பார்! சொன்னேன். உபதேசியார் கேட்டுவிட்டு, இது இரண்டு வீட்டுக்கு மட்டும் எதற்கு, தோட்டம் முழுக்க இருக்கட்டும் என்றார். யாரும் மறுக்கவில்லை. மாதா ரோசம்மா கைக்குப் போனார். கிழங்கு பஞ்சாக வெந்திருந்தது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த அக்டோபர் வரைக்கும் நம் வீட்டில் அடுப்பு அணைந்ததும் செபம் இருக்கும், ஹாலில் வாளி இருக்காது. மாதா வந்தால் எந்த வீட்டுக்கும் பயமில்லாமல் அவரை அனுப்பிவைப்பேன். பேசி முடித்த நிபந்தனையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்: மாதா வருகிற வீட்டில் பிளேன்டீயும் அவித்த ஏதாவது ஒன்றும், அதற்கு மேல் யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. மாதாவை அனுப்புகிற வீட்டிலிருந்து ஒருவர், ஆணோ பெண்ணோ, அன்றைக்கே நேரத்தோடு போய் அடுத்த வீட்டைக் கூட்டித் துடைத்துக் கொடுக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்,
சவரிமுத்து