எடைமேடையில் என் வீட்டுக்காரர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றிலிருந்து நான் அணித் தலைவர். தற்காலிகம்தான், இருந்தாலும் தலைவர்!

இத்தனை வருடம் பந்தயக் கார்களை லாரியில் ஏற்றி இறக்குவதும், எல்லோருக்கும் ஹோட்டல் அறை போடுவதும், யார் எந்த விமானத்தைத் தவறவிட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொள்வதுமே என் வேலை. பழைய தலைவர் வேறு அணிக்குத் தாவிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இந்த சீசன் முழுக்க நீங்களே பாருங்கம்மா. ஒரே ஒரு பந்தயம் ஜெயிச்சுக் காட்டுங்க, நாற்காலி உங்களுக்கு. இல்லைன்னா வெளியிலேர்ந்துதான் ஆள் எடுக்கணும்" என்றார். நாங்கள் கடைசியாக ஜெயித்த கோப்பையில் இப்போது வரவேற்பு மேசைப் பெண் பேனா வைத்திருக்கிறாள். அத்தனை காலமாகிவிட்டது.

வீட்டில் சொன்னதும் மகள் சிரித்தாள். அவள் கவலை வேறு: "அம்மா, நீ ஜெயிச்சா அப்பா இல்ல செக் பண்ணுவாரு?"

அது நடக்காது. அவர் போட்டி நடத்தும் சங்கத்தின் பரிசோதகர். பந்தயம் முடிந்ததும் முதலில் வந்த கார்களை ஓட்டுநரோடு சேர்த்து எடைமேடையில் ஏற்றுவார். குறைந்தபட்ச எடைக்குக் கீழே இருந்தால் ஜெயித்தது செல்லாது. யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது என்று எங்கள் அணியின் கார்களை மட்டும் ஆரம்பத்திலிருந்தே அவருடைய சக பரிசோதகர்தான் பார்க்கிறார். காய்கறிக்காரர் கொசுறாகப் போட்ட தக்காளியை எடுத்துத் திருப்பிக் கொடுக்கிற மனுஷன் இவர். இவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறேன் என்பது எனக்கே ஆச்சரியம்.

மார்ச் 30, ஞாயிறு

முதல் பந்தயம். எஞ்சின் புகைந்தது. நானும்.

ஏப்ரல் 17, வியாழன்

காலை முழுக்க டயர் மாற்றும் பயிற்சி. கார் வந்து நிற்கிறது, ஆட்கள் பாய்கிறார்கள், நட்டைக் கழற்றும் துப்பாக்கிகள் அலறுகின்றன, நாலு டயரும் மாறிவிடுகின்றன. கண்ணைச் சிமிட்டினால் பார்க்க முடியாது. நான் சிமிட்டிவிட்டேன். மறுபடி செய்யச் சொன்னேன். எல்லோரும் முறைத்தார்கள், ஆனால் செய்தார்கள்.

எங்கள் பொறியாளர் எதையும் கணக்குப் போடாமல் பேசமாட்டார், அதனால் அவருக்குக் 'கணக்குப்பிள்ளை' என்று பெயர். ஓட்டுநருக்கு 'தூங்குமூஞ்சி'. பந்தயத்துக்கு முன்னால் டயர் அடுக்குக்குப் பின்னால் படுத்துக் குறட்டை விடுவான். எழுப்பிக் காரில் உட்கார வைத்தால் புலி. இவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாவிட்டால் தப்பு என்மேல்தான். பயமாக இருக்கிறது, ஆனால் காலையில் எழுந்ததும் வேலைக்கு ஓடத் தோன்றுகிறது. முன்பு எப்போதாவது அப்படித் தோன்றியிருக்கிறதா?

மே 25, ஞாயிறு. ஹோட்டல் அறை

ஜெயித்தோம். இல்லை. ஜெயித்தோம், பிறகு ஜெயிக்கவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

கடைசிச் சுற்று வரை மீசைதான் முன்னால். அதாவது எதிரணித் தலைவர் மீசையின் கார். அதன் டயர் தேய்ந்துபோய் வளைவுகளில் வழுக்கிக்கொண்டிருந்தது. கடைசி வளைவில் தூங்குமூஞ்சி உள்பக்கமாக நுழைந்தான், தாண்டினான், கொடி விழுந்தது. நான் மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தவள்தான். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ராஜா என்றேன், தங்கம் என்றேன், உனக்குப் பெண் பார்க்கிறேன் என்றேன்.

கொடி விழுந்த பிறகு ஒரு சுற்று மெதுவாக வரவேண்டும். தடத்தின் ஓரத்தில் டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். அந்தச் சுற்றில் எல்லா ஓட்டுநரும் வேண்டுமென்றே அதன்மேல் ஓட்டுவார்கள். சூடான டயரில் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் எடை கூடும். பெட்ரோல் தீர்ந்து, டயர் தேய்ந்து, ஆளும் வேர்த்து இளைத்திருக்கும் நேரத்தில் அது ஒரு பாதுகாப்பு. வழக்கமாகக் கணக்குப்பிள்ளைதான் மைக்கில் ஞாபகப்படுத்துவார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் என் முழங்கையை இடித்தார். வாழ்த்துகிறார் என்று நினைத்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், பொத்தானை விடாமல்.

தூங்குமூஞ்சி நான் சொன்னதையெல்லாம் கேட்டு அழுதுகொண்டே, சுத்தமான தடத்தின் நடுவிலேயே ஓட்டி வந்துவிட்டான்.

சக பரிசோதகருக்கு இன்று காய்ச்சல். எடைமேடையில் நின்றது என் வீட்டுக்காரர்.

பார்த்தார். இறக்கினார். மறுபடி ஏற்றினார். அப்புறம் என்னிடம் வந்து, "எடை குறையுது மேடம். அரைக் கிலோ" என்றார். பந்தயத் திடலில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். முகத்தில் ஒன்றும் இல்லை. கோப்பை மீசையின் கைக்குப் போனது.

அரைக் கிலோ! அவன் ஒரு பாட்டில் தண்ணி கூடுதலாக் குடிச்சிருந்தா சரியாப் போயிருக்கும். நான் வாயை மூடியிருந்தாலும் சரியாப் போயிருக்கும். தப்பு என்னுதுதான், தெரியும். ஆனா இந்த மனுஷனுக்கு ஒரு துளி கூடவா வலிக்கல?

மே 26, திங்கள்

ஒரே காரில்தான் வீடு வந்தோம். சாப்பாட்டு மேசையில் மகளிடம், "உங்கப்பாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்றேன். அவர் மகளிடம், "போதும்னு மேடம்கிட்ட சொல்லு" என்றார். மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு பேரும் மைக்ல பேசிக்கோங்க, நான் படிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபத்தை மறுபடி பிடித்துக்கொள்ள முடியவில்லை, எவ்வளவோ முயற்சி செய்தும்.

மே 27, செவ்வாய்

முதலாளிக்கு ஒரு யோசனை. கணவன் மனைவி விவகாரம் என்பதால் அந்த எடையே செல்லாது என்று மேல்முறையீடு செய்யலாமாம். வீட்டில் ஏதோ மனஸ்தாபம், அந்தக் கடுப்பில் இப்படிச் செய்துவிட்டார் என்று நான் எழுதிக் கொடுத்தால் போதுமாம். வெற்றி திரும்பக் கிடைக்கும், நாற்காலியும் கிடைக்கும்.

ஆசையாக இருந்தது. இல்லை என்று எழுதினால் இந்த நாட்குறிப்பே சிரிக்கும்.

"எடை குறைஞ்சது நிஜம் சார்" என்றேன்.

அவர், அப்படியானால் மிச்சமிருக்கும் பந்தயங்களில் ஒன்றை ஜெயித்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியாள் ஒருவரிடம் பேச ஆரம்பித்துவிட்டதாகவும் ஒளிக்காமல் சொன்னார். அவர் மேல் கோபம் இல்லை. வெளியே வந்து கணக்குப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் கணக்கே போடாமல், "நல்லது செஞ்சீங்க மேடம்" என்றார். முதல் தடவையாக.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டாவது இடம். மீசை மறுபடி முன்னால். இன்னும் ஒரே ஒரு பந்தயம்.

செப்டம்பர் 27, சனி

நாளை கடைசி. டயர் மாற்றும் ஆட்களைப் பார்க்கப் போனேன், நன்றாகச் செய்கிறார்கள், அவர்களுக்கு நான் தேவையே இல்லை. திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்: நாற்காலி போனால் போகட்டும், மறுபடி லாரி ஏற்றலாம், அதுவும் தெரிந்த வேலைதானே? இரண்டடி நடப்பதற்குள் மனசு மாறிவிட்டது. முடியாது. எனக்கு இது வேண்டும். இவ்வளவு ஆசையாக நான் எதையும் கேட்டதில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

டயர் மாற்றும் இடத்திலேயே மீசையை முந்திவிட்டோம். எங்கள் ஆட்கள் நான்கு டயரையும் மாற்றி அனுப்பியபோது அவர்கள் ஆள் நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் தூங்குமூஞ்சி யாரையும் கிட்டே விடவில்லை. கொடி விழுவதற்குச் சற்று முன்னால் கணக்குப்பிள்ளை மரியாதையாகக் கையை நீட்டினார். நான் ஹெட்போனைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக் கத்தினேன். தூங்குமூஞ்சி ஓரமெல்லாம் தேய்த்துக்கொண்டு, கிடந்த ரப்பரையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தான். டயர் நான்கும் அழுக்குப் பணியாரம் போல இருந்தன.

எடைமேடையில் சக பரிசோதகர் தயாராக நின்றார். மீசை வந்துவிட்டார். இந்தக் கார் நேர்ப்பாதையில் பறந்த விதம் தனக்குச் சரியாகப் படவில்லை என்றார், எடையில் ஏதோ விளையாட்டு இருக்கிறதாம். கூட்டம் கூடிவிட்டது. என் ஆட்கள் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார்கள். சங்கத்துக்காரர், யார் எடை போட்டால் ஒப்புக்கொள்வீர்கள் என்று மீசையைக் கேட்டார்.

மீசை என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தம்மா வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. அவர் போட்டுச் சொன்னா நான் வாயைத் திறக்கமாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தத் திடலில் இருந்த எல்லோருக்கும் அதுதான் சரி என்று பட்டது. எனக்கு மட்டும் பயம், ஏனென்றால் இவர் போட்டால் கடுகளவு குறைந்தாலும் தப்ப முடியாது.

அவர் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஏற்றினார். இறக்கினார். மறுபடி ஏற்றினார். மின்சார பில் படிக்கிற குரலில் எடையைப் படித்தார். ஒரு கிலோவுக்கு மேலேயே கூடுதல். "சரியா இருக்கு மேடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மீசை தொப்பியைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக எனக்குக் கை கொடுத்தார். பெரிய மனுஷர், இனிமேல் அவரை மீசை என்று எழுதக் கூடாது. (எழுதுவேன்.)

ஜெயித்தோம். ஜெயித்தோம். எத்தனை தடவை எழுதினாலும் நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

ஆற அமர விடிந்த சனிக்கிழமை. காலையில் திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டிக்கொண்டிருந்தோம். அவர் ஸ்டூலில் ஏறி நிற்க, நான் கீழிருந்து வளையங்களை எடுத்துக் கொடுத்தேன். நான் நிரந்தரமாகிவிட்டதால் அவரே கேட்டு மோட்டார் சைக்கிள் பந்தயப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். உத்தரவு நேற்று வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து எங்கள் ஞாயிறுகள் வேறு வேறு ஊரில். அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன், வழக்கம் போல நான் மட்டும்.

அவர் திடீரென்று, "இனிமே உன் வண்டியை நான் எடை போடப் போறதில்ல. அதனால சொல்லலாம்" என்றார்.

"என்ன?"

"மே மாசம் நான் நாலு தடவை போட்டேன். விதிப்படி ரெண்டுதான். நீ பார்த்தது கடைசி ரெண்டு." வளையத்தைக் கம்பியில் கோத்துக்கொண்டே சொன்னார். "தராசு தப்பா இருக்கக்கூடாதா, கடவுளேன்னு கேட்டுக்கிட்டே போட்டேன்."

நான் ஸ்டூலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் கீழே குனிந்து கையை நீட்டி, அடுத்த வளையத்தைக் கேட்டார்.