அதே கட்டைவிரல்

இன்று காலை அசிட்டிக் அமிலப் புட்டியைத் திறந்ததும் ஆய்வகம் முழுக்க அந்தப் புளிப்பு நெடி. நீங்கள் இருந்திருந்தால் ஜன்னலைத் திறந்திருப்பீர்கள். ஏற்காட்டுப் பனி மைக்ரோஸ்கோப்பை மறைக்கிறது என்று நான் சண்டைக்கு வந்திருப்பேன். நீங்கள் காலமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது சண்டை போட ஆளில்லை.

இதே மேஜையில்தான் இருவரும் முனைவர் பட்டத்துக்கு உழைத்தோம். எனக்குக் காப்பிச்செடி, செம்மநத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்த உங்களுக்குக் கோரை. போயும் போயும் ஒரு களையா என்று கேலி செய்வேன். "புடுங்கப் புடுங்க வருதுல்லீங்க, அதுக்குள்ள என்னமோ இருக்குதுங்க" என்பீர்கள்.

வேர் நுனிக்குச் சாயமேற்றி, கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவோம். அழுத்தம் கூடினால் குரோமோசோம் சிதைந்துவிடும். செல் பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும், அதாவது சென்ட்ரோமியரில், இழைகள் பற்றி இரு பக்கமும் இழுக்கும். இடுப்பில்லாத துண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நடுவிலேயே நின்றுவிடும். குரோமோசோமை உடைத்துப் பார்க்கக் கதிர்வீச்சு கொடுத்த உங்கள் கோரையிலோ இடுப்பையே காணோம். துண்டுகள் மட்டும் தெரிந்தன.

"விரலால நசுக்கிட்டு சென்ட்ரோமியரத் தேடறீங்களா? ஆய்வேட்டுல இருந்து இந்த அத்தியாயத்தையே எடுத்துடுங்க" என்றார் நம் வழிகாட்டி. அது போனால் உங்கள் பட்டமே போன மாதிரி. நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

"ஏனுங்க சார், தப்பு என்ற வெரலுதான்னா வெங்காயத்தையும் அதே வெரல்ல அழுத்திப் பாத்துர்றனுங்க" என்றீர்கள். கோபமே இல்லை உங்களுக்கு! வெங்காயத்தில் இடுப்பு தெளிவாகத் தெரியும்; கதிர்வீச்சு கொடுத்த அதன் வேரையும் அப்படியே அழுத்தினீர்கள். வெங்காயத்தில் உடைந்த, இடுப்பில்லாத துண்டுகள் நடுவில் தங்கியிருந்தன. கோரையிலோ எல்லாத் துண்டுகளும் ஒழுங்காக இரு முனைக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. விரல் நசுக்கியிருந்தால் அப்படிப் பிரிந்து போகுமா?

"கோரையில ஒரே எடத்துல புடிக்கறதில்லீங்க சார். நெடுக்கப் புடிக்குதுங்க. ஒடஞ்சாலும் துண்டுக்குத் துண்டு புடி இருக்குதுங்க."

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "அத்தியாயம் இருக்கட்டும்ங்க" என்றார். உங்களைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. அவ்வளவு பெருமை.

போன வாரம் என் ஸ்லைடு ஒன்று குழம்பிக் கிடந்தது. எறியப் போனவள் நிறுத்தி, வெங்காயத்தையும் அதே விரலால் அழுத்திப் பார்த்தேன். அதுவும் சிதைந்திருந்தது. தப்பு என் விரலில்தான். வெட்கப்படவில்லை; இன்னொரு வேர் நுனியை எடுத்தேன். எனக்கு அந்தப் பழக்கம் உங்களிடமிருந்து வந்தது.